'ஐஸ் ஹவுஸ்' கட்டியவரும் உங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவும்

சென்னை மெரினா எதிரே உள்ள விவேகானந்தர் இல்லத்தை இன்னும் ஏன் 'ஐஸ் ஹவுஸ்'னு சொல்றோம்? அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸை வைக்க 1842-ல் அதைக் கட்டியது ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம்.

யார் இவர்? 1783-ல் பாஸ்டனில் பிறந்தவர். 22 வயதில் மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் கொண்டுபோனார். அங்கே சேமிக்க இடமில்லை; உருகி நஷ்டம். கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடல.

அவருடைய சிக்கல் இதுதான்: இடுக்கில் காற்று புகுந்தால் ஐஸ் உருகும். மரத்தூள் அடைத்தால் தாங்கும். ஆனா தூள் கூடினா ஐஸுக்கு இடம் குறையும். 1825-ல் நத்தானியல் வயத் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவியைச் செய்தார். ஒரே அளவுக் கட்டிகளை நெருக்கி அடுக்க முடிந்தது. 1833-ல் கொல்கத்தாவுக்குக் கிளம்பிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் வந்தது. 1864-ல் இறக்கும்போது டியூடர் பெரும் செல்வந்தர்.

உங்க டபுள் டோர் ஃபிரிட்ஜிலும் அதே கணக்குதான். சுவர் தடிமனானால் குளிர் நிற்கும், உள்ளே இடம் போயிடும். கதவோரக் காந்த ரப்பரோ இடத்தை அதிகம் பிடிக்காமலே காற்றைத் தடுக்குது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்க. சுலபமா வந்துட்டா, ரப்பர் தளர்ந்திருக்கு, மாத்திடுங்க.