ஏழையின் அடுப்பிலிருந்து காட்டைப் பார்த்த தலைவர்

சுற்றாடலைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இன்று உலகில் இல்லை. ஆனால் காடழிவை ஏழையின் அடுப்படியிலிருந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவராகவே மேற்கு ஆபிரிக்காவின் தோமஸ் சங்காராவை நான் காண்கிறேன்.

1949 டிசம்பர் 21ஆம் திகதி யாகோ என்ற ஊரில் பிறந்து, கத்தோலிக்கராக வளர்ந்த இராணுவ அதிகாரி அவர். 1983 ஓகஸ்ட் 4ஆம் திகதி அப்பர் வோல்டாவின் ஆட்சி அவர் கைக்கு வந்தபோது வயது 33. அடுத்த வருடம் நாட்டின் பெயரை புர்கினா பாசோ என மாற்றினார். நேர்மையாளர்களின் நாடு என்பது அதன் பொருள்.

இன்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாடு சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, சாஹெல் பிரதேசத்தில் இருக்கிறது. அப்போது மழை பொய்த்திருந்தது. ஏழைகளுக்குச் சமைக்க விறகைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே காட்டை மட்டும் காவல் காப்பதில் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

1985இல் மூன்று போராட்டங்களை அறிவித்தார்: காட்டுத்தீக்கு எதிராக, கட்டுப்பாடின்றி மரம் வெட்டுவதற்கு எதிராக, கால்நடைகள் கட்டாக்காலியாக மேய்வதற்கு எதிராக. 15 மாதங்களில் 1 கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. திருமணம், பெயர்சூட்டு, பரிசளிப்பு என எந்த மகிழ்ச்சியான நிகழ்விலும் மரம் நடுவது வழக்கமாக்கப்பட்டது. 1986 புத்தாண்டுக்குத் தலைநகர் வகடூகுவின் மாணவர்கள் விறகைச் சிக்கனப்படுத்தும் 3,500க்கும் மேற்பட்ட அடுப்புகளைத் தம் கைகளால் செய்து தாய்மாருக்குப் பரிசளித்தார்கள். என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

அதே ஆண்டு பெப்ரவரியில் பாரிஸில் நடந்த காடுகள் பற்றிய மாநாட்டில், பாலைவனமாதலை ஏகாதிபத்தியச் சுரண்டலோடு சேர்த்தே பார்க்க வேண்டுமென அவர் வாதிட்டார். அரசின் ஆடம்பரக் கார்களைக் கைவிட்டு, சிறிய ரெனோல்ட் 5 கார்களைப் பயன்படுத்தச் செய்தவரும் அவரே.

அவரைக் குறையற்றவராக நான் காட்ட விரும்பவில்லை. தேர்தலின்றி ஆட்சிக்கு வந்தவர் அவர். வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் 1,000க்கும் மேற்பட்டோரை அவரது அரசு பணிநீக்கம் செய்தது. மேய்ச்சலையே வாழ்வாகக் கொண்டவர்களுக்குக் கால்நடைக் கட்டுப்பாடு பெரும் சுமை. காட்டைக் காப்பதன் விலையை வறியவர்களே கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அவருடைய ஆட்சியிலும் தீராமலே இருந்தது.

1987 ஒக்டோபர் 15ஆம் திகதி, 37 வயதில், சகாக்கள் 12 பேருடன் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்சி அவரது நெருங்கிய தோழர் பிளேஸ் கொம்பாவோரேயின் கைக்குப் போனது. 27 வருடங்கள் அது நீடித்தது. 2022இல் இராணுவ நீதிமன்றம், நாட்டுக்கு வெளியே இருந்த கொம்பாவோரேக்கு அக்கொலைக்காக ஆயுள் தண்டனை விதித்தது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருந்தும் நம் திருமண வீடுகளில் ஒரு கன்றுக்கு இடமிருக்கிறதா? நான்கு வருடங்களே ஆண்ட சங்காராவின் வாழ்வு எனக்குச் சொல்வது இதுதான்: ஆட்சியாளரின் கட்டளை அவரோடு முடிந்துவிடலாம், குடும்பத்தின் வழக்கமாகிவிட்ட நல்ல காரியம் அப்படி முடிவதில்லை.