யார் இந்த ஜூலியஸ் ரோசன்வால்ட்? சுமார் 5 ஆயிரம் பள்ளிகள் உருவாகக் காரணமான கடைக்காரர்!

கம்பெனி லாபத்தில் ஒரு பங்கை ஏழைக் குழந்தைகளோட படிப்புக்குக் கொடுப்பது இப்போ சகஜம். ஆனா 100 வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவில் ஒரு தொழிலதிபர் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். அவர்தான் ஜூலியஸ் ரோசன்வால்ட்.

1862-ல் இல்லினாய் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். ஜெர்மனியிலிருந்து வந்த யூதக் குடும்பம், ஜவுளி வியாபாரம். இவரே பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு நியூயார்க்கில் மாமாக்களின் துணிக்கடையில் தொழில் கற்றார். 1895-ல் சியர்ஸ், ரோபக் நிறுவனத்தில் பங்குதாரராகி, 1908-ல் அதன் தலைவரானார். கேட்டலாக் பார்த்து தபாலில் ஆர்டர் போட்டால் பொருள் வீட்டுக்கு வந்துவிடும். அன்றைய ஆன்லைன் ஷாப்பிங் என்றே சொல்லலாம்!

சரி, பள்ளிக்கூடம் எப்படி வந்தது?

அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனை 1911-ல் சந்தித்ததுதான் திருப்பம். தென் மாகாணங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள். அரசுப் பணத்தில் அவற்றுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. பல ஊர்களில் சர்ச்சிலோ ஓட்டைக் குடிசையிலோதான் வகுப்பு.

1912-ல் தன் 50-வது பிறந்தநாளையொட்டி, வாஷிங்டன் நடத்திய டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு 25 ஆயிரம் டாலர் கொடுத்தார் ரோசன்வால்ட். அதில் ஒரு பகுதியை வைத்து அலபாமா கிராமங்களில் 6 சிறு பள்ளிகளைக் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். இவரும் சரி என்றார். அங்கே தொடங்கியதுதான் எல்லாம்.

ஆனா முழுப் பணத்தையும் அவர் தரவில்லை. ஊர் மக்களும் போட வேண்டும், அரசும் போட வேண்டும், கட்டி முடித்ததும் அது அரசுப் பள்ளியாக வேண்டும். இதுதான் கண்டிஷன். கூலி விவசாயிகள் பருத்தி வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கினார்கள். பெண்கள் சமைத்து விற்று நிதி சேர்த்தார்கள். காசு இல்லாதவர்கள் மரமும் உழைப்பும் கொடுத்தார்கள். பெரும்பாலான கிராமங்களில் கரன்ட் கிடையாது. அதனால் சூரிய வெளிச்சம் வகுப்பறைக்குள் விழும்படி உயரமான ஜன்னல்களை வரிசையாக வைத்தே வரைபடம் போட்டார்கள்.

1932-க்குள் 15 மாகாணங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. மொத்தச் செலவு சுமார் 2.8 கோடி டாலர். இதில் ரோசன்வால்ட் தரப்பு கொடுத்தது சுமார் 44 லட்சம். கறுப்பின மக்கள் கொடுத்ததோ சுமார் 47 லட்சம்! வரியும் கட்டிவிட்டு, தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு அவர்கள் மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருந்தது. இது இரட்டை வரி மாதிரிதானே என்ற விமர்சனம் இன்றும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. நிறவெறிப் பிரிவினையை இந்தத் திட்டம் நேரடியாக எதிர்க்கவும் இல்லை. அந்தச் சட்டத்துக்குள்ளேயேதான் பள்ளி கட்டியது.

இன்னொரு பிரச்னை, நிதியின் பெரும்பகுதி சியர்ஸ் பங்குகளாகவே இருந்தது. 1929-ல் பங்குச்சந்தை சரிந்தபோது அறக்கட்டளையும் ஆட்டம் கண்டது. 1932 ஜனவரியில் ரோசன்வால்ட் காலமானார். பள்ளி கட்டும் திட்டமும் அதே ஆண்டு நின்றது.

காலத்துக்கும் நிற்கும் அறக்கட்டளையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் முழுத் தொகையையும் செலவழித்துவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார். எழுத்தாளர் லாங்ஸ்டன் ஹியூஸ், பாடகி மரியன் ஆண்டர்சன் எனப் பலருக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டு, 1948-லேயே அறக்கட்டளை மூடப்பட்டது.

எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ, பின்னாளில் எம்.பி. ஆன ஜான் லூயிஸ் ஆகியோர் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தான். 1954-ல் தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 500. அவற்றில் சிலவற்றைச் சேர்த்து தேசியப் பூங்கா அமைக்கலாமா என ஆராயும் சட்டம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது.