தாய்மார் சொன்ன பெயர்

வயிறு நிறைய உண்ணும் குழந்தையும் ஊட்டமின்றி இறக்கக்கூடும். 1929ஆம் ஆண்டு, கோல்டு கோஸ்ட் என அப்போது வழங்கப்பட்ட கானா நாட்டிற்கு ஆங்கிலேய அரசின் மருத்துவராக வந்து சேர்ந்தார் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர் அவர். பெண் என்பதனால், ஆண் மருத்துவர்களைவிடக் குறைந்த ஊதியமே பெற்றார்.

ஒன்று முதல் நான்கு வயதுடைய குழந்தைகள் பலர் ஒரேவிதமான அறிகுறிகளுடன் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். கைகால்கள் வீங்கியிருந்தன, கருமுடி செம்பட்டை நிறமாகியிருந்தது, தோல் உரிந்தது. வீக்கத்தைக் கொழுமை என்று கருதினால் ஏமாற வேண்டியதுதான். அக்குழந்தைகள் பலர் இறந்தனர்.

பிற மருத்துவர்கள் பொருட்படுத்தாத ஒன்றை வில்லியம்ஸ் செய்தார். இந்நோயை நீங்கள் எவ்வாறு அழைப்பீர்கள் என்று அவ்வூர்ப் பெண்களிடமே கேட்டார். கா மொழியில் அதற்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அடுத்த குழந்தை பிறக்கையில் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். காரணம் அப்பெயரிலேயே இருந்தது. தம்பியோ தங்கையோ வந்ததும் மூத்த குழந்தை தாய்ப்பாலை இழந்தது. அதற்குக் கிடைத்ததோ மக்காச்சோளக் கூழ் மட்டுமே. கூழ் பசியைத் தணித்தது. வளரும் உடலுக்கு வேண்டிய புரதத்தை அளிக்கவில்லை.

1933இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டபோது, இது முன்பே அறியப்பட்ட பெலாக்ரா நோய்தான் என்று மூத்த அறிஞர்கள் மறுத்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1935இல் லான்செட் இதழில் அந்தக் கா மொழிப் பெயரையே சூட்டி மீண்டும் எழுதினார்.

பின்னர் மலாயாவிற்கு மாற்றப்பட்டார். அங்கே செவிலியர்போல் உடையணிந்த பெண்கள், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டப்பாப் பாலைத் தாய்மாரிடம் பரப்பி வந்தனர். இவ்வாறு ஏமாற்றிக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்கு நிகர் என்று 1939இல் சிங்கப்பூரில் அவர் வெளிப்படையாகப் பேசினார். வணிகர் நிறைந்த அவையில் அவ்வாறு பேசுவதற்குத் துணிவு வேண்டும்.

போர் மூண்டது. ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சாங்கி உள்ளிட்ட இடங்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாடினார். ஊட்டக்குறைவை ஆய்ந்த அவரையே அது பற்றியது. பெரிபெரி நோயால் பாதங்கள் உணர்விழந்தன. ஆயினும், முகாமில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் உண்டு உயிர்பிழைத்ததைப் பிற்காலத்தில் பெருமிதத்துடன் நினைவுகூர்ந்தார்.

1948இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் தாய்சேய் நலப்பிரிவிற்கு முதல் தலைவரான வில்லியம்ஸ், 1992இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். கானாவின் தாய்மார் சொன்ன அப்பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் மாறாமல் வழங்குகிறது.