போர்க்களத்தில் ஔடத தானம்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நம் இதழில் ஒரு படைமருத்துவரின் வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இவர் பணிபுரிந்தது நெப்போலியனின் படை. நாடு பிடிக்கும் ஆசையால் இலட்சக்கணக்கான உயிர்களை மாய்த்த படை. அப்போர்களை நாம் போற்றவியலாது. ஆயினும் அக்கொலைக்களத்தின் நடுவே நின்று உயிர்காத்த டொமினிக் ழான் லாரே என்பவரை நம் குடும்பத்தினர் அறிந்துகொள்ளுதல் நன்று.

பிரான்சு நாட்டின் தெற்கெல்லையிலுள்ள பிரெனே மலைச்சாரலில், போதெயான் என்னும் சிற்றூரில் 1766ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். துலூசு நகரில் அறுவை மருத்துவராயிருந்த தந்தையின் உடன்பிறந்தார் இவரை வளர்த்துத் தம் கலையையும் கற்பித்தார். பின்னர்ப் பாரிசு சென்று பயின்று, 1792இல் ரைன் ஆற்றங்கரைப் படையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் மருத்துவ வண்டிகள் களத்திற்கு மூன்று கல் தொலைவுக்கு அப்பால்தான் நிற்க வேண்டும் என்பது விதி. போர் ஓய்ந்த பின்னரே, சில வேளைகளில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பின்னரே, காயமுற்றோரை எடுப்பர். அதற்குள் பலர் குருதி வடிந்து இறந்துபோவர். இதனைக் காணப் பொறாத லாரே, இருவர் படுக்கத்தக்க இலேசான குதிரைவண்டிகளை அமைத்துப் போர் நடக்கும்போதே களத்தினுள் செலுத்தினார். பறக்கும் மருத்துவ வண்டி எனப் பெயர்பெற்ற அதுவே இன்று நம் தெருக்களில் விரையும் ஆம்புலன்சுக்கு முன்னோடி. எகிப்தில் வண்டி ஓடாத மணலில் ஒட்டகங்களின் இருபுறமும் கூடைகளைக் கட்டிக் காயமுற்றோரைச் சுமக்கச் செய்தார்.

அவர் வகுத்த மற்றொரு முறை இன்னும் உயர்ந்தது. தளபதியா, சிப்பாயா, நம்மவனா, பகைவனா என்று பாராமல், எவன் காயம் கொடியதோ அவனுக்கே முதற் சிகிச்சை. பதவியே பெரிதென்றிருந்த படையில் இதனை நிலைநிறுத்துவது எளிதன்று.

1794இல் சார்லோத் என்னும் ஓவியக் கலைஞரை மணந்தார். மகள் இஸோர் 1798இல் பிறந்தாள். தந்தையோ அவ்வாண்டே எகிப்துக்குக் கப்பலேறி, 1801இல்தான் மீண்டார். மகன் இப்போலித் பிறந்தது 1808இல். இல்லறத்தின் பெரும்பகுதி கடிதங்களிலேயே கழிந்தது எனலாம். பாசறையிலிருந்து மனைவிக்கு அவர் ஓயாது எழுதினார். பிள்ளைகளை வளர்த்த பொறுப்பு அவ்வம்மையாரையே சார்ந்தது. லாரேயின் புகழில் பாதி அவருக்குரியது என்பது என் கருத்து.

1812இல் ரஷ்யாவின் பொரொதினோ களத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 பேருக்குக் கைகால் நீக்கும் சிகிச்சை செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பின்வாங்கும்போது பெரெசினா ஆற்றுப் பாலத்தில் கூட்டம் நெருக்க, சிப்பாய்கள் அவரைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கரைசேர்த்தனர் என்பர்.

எனினும் அவர் வாழ்வில் ஒப்பற்ற செயல் 1813இல் நிகழ்ந்தது. போருக்கஞ்சித் தம் கைகளைத் தாமே சுட்டுக்கொண்டனர் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளஞ்சிப்பாய்கள்மீது பழி சுமத்தப்பட்டது. அது மெய்யானால் பலருக்கு மரணதண்டனை உறுதி. பேரரசரின் சினத்திற்கு அஞ்சாமல் லாரே ஒவ்வொருவரையும் ஆராய்ந்தார். பயிற்சி குறைந்த பின்வரிசையினர் சுடும்போது முன்வரிசையினர் கைகளில் குண்டு பட்டதையும், மேட்டில் ஏறுகையில் துப்பாக்கியை உயர்த்திய கைகள் பகைவர் குண்டுக்கு இலக்கானதையும் எடுத்துரைத்து, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று எழுதிக்கொடுத்தார். நெப்போலியன் அதனை ஏற்று அவருக்குப் பரிசும் ஓய்வூதியமும் அளித்தார். ஔடத தானம் செய்தவர் அன்று அபய தானமும் செய்தார்.

1815இல் வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் சிக்கினார். சுட்டுக்கொல்லுமாறு ஆணையும் பிறந்தது. அவரிடம் பாடம் கேட்டிருந்த பிரஷ்ய மருத்துவர் ஒருவர் அடையாளங்கண்டு தடுத்தார். தளபதி புளூகரின் மைந்தன் முன்னொரு போரில் லாரேயின் மருத்துவத்தால் பிழைத்தவன். புளூகர் அவரை விடுவித்து அனுப்பினார். வினைப்பயன் இவ்வளவு விரைவில் கண்முன் வருவது அரிது.

மகன் இப்போலித்தும் படைமருத்துவரானார். 1842இல் தந்தையும் மகனும் அல்ஜீரியாவின் மருத்துவமனைகளைப் பார்வையிடச் சென்றனர். மீளும் வழியில் லியோன் நகரில் ஜூலை 25ஆம் நாள் லாரே காலமானார். அதற்கு மூன்று நாள் முன்னரே சார்லோத் அம்மையார் மறைந்திருந்தார்.

முதிய வீரர்கள் வாழும் இன்வாலிட் மாளிகையில் தம்மை அடக்க வேண்டுமென அவர் விரும்பியிருந்தார். அன்றைய அரசு இசையவில்லை. வேறிடத்தில் துயின்ற அவருடைய எலும்புகள் 150 ஆண்டுகளுக்குப் பின்னர், 1992இல், அங்குக் கொண்டுசேர்க்கப்பட்டன.