இராம. அழகப்பச் செட்டியார்

இராம. அழகப்பச் செட்டியார் (ஏப்ரல் 6, 1909 - ஏப்ரல் 5, 1957) தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலதிபரும் கல்விக் கொடையாளரும் ஆவார். காரைக்குடியில் இவர் நிறுவிய கல்லூரிகள் பிற்காலத்தில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாக அடித்தளமாயின. இவர் அளித்த நிலத்திலும் நிதியிலும் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் அரிக்கப்படுவதையும் அதைத் தடுக்கும் பூச்சுகளையும் ஆராயும் இந்திய நிறுவனங்களுள் முதன்மையானது. இராமநாதபுரம், இராமேசுவரம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் புதிதாக வாங்கிய மகிழுந்தின் வண்ணப்பூச்சு முதல் பாம்பன் பாலத்தின் எஃகு வரை அனைத்தையும் காப்பதற்கு அடிப்படையான அறிவியல் இந்த ஆய்வுத்துறையைச் சார்ந்தது.

பிறப்பும் கல்வியும்

அழகப்பர் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில், வணிகத்தில் ஈடுபட்ட நகரத்தார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை இராமநாதன் செட்டியார், தாய் உமையாள் ஆச்சி. அப்பகுதி 1910 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக நெடுங்காலம் இருந்து, 1985 இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் சேர்ந்தது.

பள்ளிக் கல்வியைக் காரைக்குடியில் பெற்ற பின்னர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இளவயதிலேயே வணிகத்தில் இறங்குவது வழக்கமாக இருந்த சமூகத்தில் பல்கலைக்கழகப் படிப்பை இவ்வளவு தூரம் தொடர்ந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. பின்பு இலண்டன் சென்று சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றதுடன், மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனை அடுத்த குரோய்டனில் வானூர்தி ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

தொழில்கள்

இந்தியா திரும்பிய அழகப்பர் வட்டித்தொழிலோடு நின்றுவிடாமல் பல துறைகளில் முதலீடு செய்தார். கேரளத்தின் திருச்சூர் அருகே இவர் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே அழைக்கப்படுகிறது. மலாயாவில் இரப்பர்த் தோட்டங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் இவருக்கு இருந்தன. காப்பீடு, உணவகம், பங்குவணிகம் ஆகியவற்றிலும் ஈடுபட்டார். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற வானூர்தி நிறுவனத்தையும் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நீடித்தது.

பிரித்தானிய அரசு இவருக்கு சர் பட்டம் வழங்கியது. இந்தியா விடுதலை பெற்ற பின் அப்பட்டத்தை இவர் துறந்துவிட்டார். பின்னாளில் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

கல்விக் கொடைகள்

1944 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி அமைவதற்கு இவரது நன்கொடை உதவியது. கிண்டியில் உள்ள அக்கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக, அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருகிறது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை ஏற்படவும் இவர் பொருளுதவி செய்தார்.

1947 ஆம் ஆண்டு சூலை மாதம் சென்னையில் அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அங்கு பேசிய பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரிகளைத் தொடங்க முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்த மேடையிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே, விடுதலை நாளுக்குச் சில நாட்களுக்கு முன்னர், காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக்கல்லூரி தொடங்கியது.

அதனைத் தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி (1952), உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகள் எனப் பல நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் எழுந்தன. மகளிர் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது தாம் குடியிருந்த வீட்டையே இவர் கொடுத்தது குறிப்பிடத்தக்கது.

மின்வேதியியல் ஆய்வகம்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் சாந்தி சுவரூப் பட்நாகர் தலைமையில் நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை அமைத்து வந்தது. பெருநகரங்களையும் பழைய பல்கலைக்கழக நகரங்களையும் ஒட்டியே பெரும்பாலான ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. மழை குறைந்த, பெருந்தொழில்கள் இல்லாத காரைக்குடி அத்தகைய நகரமன்று. அந்தக் குறையை ஈடுசெய்யும் வகையில் அழகப்பர் சுமார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அரசுக்கு அளித்தார்.

1948 ஆம் ஆண்டு சூலை 25 அன்று பிரதமர் சவகர்லால் நேரு ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் அதனைத் திறந்து வைத்தார். உள்ளூர் மக்களால் சிக்ரி என அழைக்கப்படும் இந்நிறுவனத்தில் மின்கலங்கள், மின்முலாம், உலோகப் பிரித்தெடுப்பு, அரிமானம் ஆகியவை ஆராயப்படுகின்றன.

அரிமானம் என்பது சுற்றுச்சூழலால் உலோகம் சிறிது சிறிதாகச் சிதைவது ஆகும். இரும்பு துருப்பிடித்தல் இதன் மிகப் பரவலான வடிவம். துரு வெறும் மேற்பரப்பு அழுக்கு அன்று. அது ஒரு மின்வேதி வினை. ஈரமான இரும்பின் ஒரு பகுதி நேர்மின்முனையாகி அங்கே இரும்பு கரைகிறது. வேறொரு பகுதி எதிர்மின்முனையாகி அங்கே ஆக்சிசன் ஒடுக்கப்பட்டுக் காரத்தன்மை உண்டாகிறது. உப்பு கலந்த நீர் இவ்விரு முனைகளுக்கிடையே மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் அரிமானம் விரைவடைகிறது. ஆகவே துருவைத் தடுப்பதும் மின்வேதியியலின் ஒரு பிரிவாகும்.

மண்டபம் கடற்கரை ஆய்வு

ஆய்வகம் அமைந்த காரைக்குடி உள்நாட்டு ஊர். கடற்கரை அரிமானத்தை ஆராய ஏற்ற இடம் அதே பழைய மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருந்தது. பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே ஒடுங்கி நீளும் நிலமுனையில் உள்ள மண்டபத்தில் சிக்ரி ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவியது. இருபுறமும் கடல் இருப்பதால், தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் காற்று உப்புத்துளிகளைச் சுமந்து வருகிறது. இந்தியாவில் அரிமானம் மிகக் கடுமையாக உள்ள இடங்களுள் ஒன்று மண்டபம் என்பதை அங்கு நடந்த சோதனைகள் காட்டின.

சோதனை முறை எளிமையானது. எஃகு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் தகடுகளும் பூச்சிட்ட தகடுகளும் சாய்வான சட்டங்களில் திறந்தவெளியில் பொருத்தப்படுகின்றன. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அவை வெயிலிலும் உப்புக்காற்றிலும் இருக்கும். பின்னர் துரு நீக்கப்பட்டு எடை இழப்பு கணக்கிடப்படும். பூச்சிட்ட தகடுகளில் வேண்டுமென்றே ஒரு கீறல் இட்டு, துரு பூச்சின் அடியில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்றும் பார்ப்பதுண்டு. நாட்டின் பல இடங்களில் நடந்த இத்தகைய சோதனைகளைக் கொண்டு சிக்ரி இந்தியாவின் அரிமான வரைபடத்தையும் வெளியிட்டது.

மகிழுந்தின் பூச்சு

இத்துறையின் பயனை அன்றாட வாழ்வில் மகிழுந்துகளில் காணலாம். புதிய மகிழுந்தின் உடற்பகுதி தொழிற்சாலையில் பூச்சுத் தொட்டியில் முழுவதுமாக அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் மூலம் முதல் பூச்சைப் பெறுகிறது. இம்முறையை ஃபோர்டு நிறுவனம் 1960களில் பயன்படுத்தத் தொடங்கியது; உடற்பகுதியையே எதிர்மின்முனையாக்கும் முறை 1970களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. இதன் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரான் மட்டுமே. இதன்மேல் இடைப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற மேற்பூச்சு ஆகியவை அமைகின்றன. அனைத்தும் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரையே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான் என்பதை எண்ணினால் இக்காப்பு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

கடலோரத்தில் இக்காப்புக்கு முதற்பகை உப்பு. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். எனவே மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த பரப்பு முழுமையாக உலர்வதில்லை. பூச்சில் கல் தெறித்த சிறு வடு இருந்தால் அங்கே வினை தொடங்கி, உண்டாகும் காரம் சுற்றியுள்ள பூச்சை உலோகத்திலிருந்து பிரிக்கிறது. வெளியே புள்ளியாகத் தெரியும் துரு உள்ளே பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து பராமரிப்பு முறைகள் பெறப்படுகின்றன:

- உப்பை நல்ல நீரால் அடிக்கடி கழுவி நீக்க வேண்டும். கடலோரத்தில் வாரம் ஒருமுறையாவது கழுவுவது நல்லது. அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் விட்டுவிடக்கூடாது. துரு பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது.
- இராமநாதபுரம் கடற்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அந்நீரால் கழுவினால் மீண்டும் உப்பே படியும். வேறு நீர் இல்லையெனில் இறுதி அலசலுக்காவது நன்னீரைப் பயன்படுத்தி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும்.
- மணலை முதலில் நீரைப் பாய்ச்சி அகற்றிய பின்னரே துணி படவேண்டும். சோப்புநீருக்கும் துணியை அலசுவதற்கும் தனித்தனி வாளிகள் தேவை. இல்லையெனில் மணலே மேற்பூச்சைக் கீறிவிடும். பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகுப் படலத்தை நீக்கிவிடுவதால், வாகனங்களுக்கான மென்மையான சோப்புநீரே ஏற்றது. வெயிலில் சூடான பரப்பைக் கழுவலாகாது.
- தொழிற்சாலையில் சூட்டில் பதப்படுத்தப்பட்ட பூச்சுக்கு மெழுகு இடக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டறையில் மறுபூச்சிட்ட பகுதிக்குச் சில வாரங்கள் இடைவெளி தேவைப்படலாம். மெழுகு சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையே நிற்கும். பீங்கான் பூச்சு எனப்படுவது கூடுதல் காலம் நிற்கும். எனினும் இவை கல் தெறிப்பதைத் தடுப்பதில்லை, கழுவுவதற்கு மாற்றும் ஆகா.
- மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் மேற்பூச்சு சிறிது தேய்கிறது. அதனைத் தேவைக்கு மட்டுமே செய்ய வேண்டும். உலோகம் தெரியும் வடுவை உடனே சுத்தம் செய்து பூச்சால் மூட வேண்டும்.
- ஈரமான வண்டியை உறையிட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பெரிய கட்டமைப்புகளுக்கும் இதே விதி பொருந்தும். 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் தொடர்வண்டிப் பாலம் இடைவிடாத துரு நீக்கத்தாலும் பூச்சாலுமே நூறாண்டுகளைக் கடந்தது. அதில் போக்குவரத்து 2022 திசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

இறுதிக் காலம்

அழகப்பரின் பிற்கால வாழ்க்கை துன்பம் நிறைந்தது. தொழுநோய் இவரை வருத்தியது. அந்நோய் கண்டவர்களைச் சமூகம் ஒதுக்கிவைத்த காலம் அது. தொழில்களில் இழப்பும் நேர்ந்தது. ஆயினும் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுப்பதை இவர் நிறுத்தவில்லை. 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாகக் காலமானார். அப்போது மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

நினைவு

1985 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. 2007 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இவர் தமக்கென வைத்திருந்த தொழில்களுள் பல இவருக்குப் பின் நிலைக்கவில்லை. பொதுவுக்கென எழுதிக்கொடுத்த கல்லூரிகளும் ஆய்வகமும் இன்றும் இயங்கி வருகின்றன.