கோ ஆட்ட மேதை சூசாக்கு

சதுரங்கத்தை நாம் அறிவோம். ஜப்பானியர் போற்றும் 'கோ' ஆட்டம் நம்மில் பலருக்குப் புதிது. நெடுக்கில் 19, குறுக்கில் 19 என வரைந்த கோடுகள் சந்திக்கும் 361 இடங்களில், இருவர் கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறி மாறி வைத்து இடம் பிடிப்பதே இவ்வாட்டம்.

இதில் ஒப்பற்று விளங்கியவர் ஹொனின்போ சூசாக்கு. 1829ஆம் ஆண்டு இன்னோஷிமா தீவில் பிறந்த இவர், சிறு வயதிலேயே எடோ நகரின் ஹொனின்போ பள்ளியில் சேர்ந்தார். எடோவே இன்றைய டோக்கியோ. அங்கே ஷோகுனின் கோட்டை ஆட்டங்களில் 19 முறை ஆடி, 19 முறையும் வென்றார்.

ஆட்டத் தொடக்கத்தில் இவர் பாய்ந்து தாக்கமாட்டார். தம் காய்க்கு மூலைவாட்டில் இன்னொரு காயை அமைதியாக வைப்பார். 20ஆம் நூற்றாண்டில், பின்னால் ஆடும் வெள்ளைக்கு ஈட்டுப் புள்ளிகள் வழங்கும் விதி பரவியது. கறுப்பு விரைந்து ஆட வேண்டியதாயிற்று. இவருடைய முறை மந்தமானது என்று பலர் கைவிட்டனர்.

2016இல் ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரல், கொரிய வீரர் லீ செடோலை 4–1 என வென்றது. அதன்பின் கணினிகள் பழைய தொடக்க முறைகள் பலவற்றைப் புரட்டிப் போட்டன. ஆனால் சூசாக்குவின் அமைதியான காயை அவை நல்லதென்றே ஏற்றன.

1862இல் எடோவில் காலரா பரவியது. நோயுற்ற பள்ளித் தோழர்களுக்குச் சூசாக்கு பணிவிடை செய்தார். தாமும் நோயுற்று 33ஆம் வயதில் மறைந்தார்.

எந்தக் காயை எங்கே வைப்பது என்று கணினி கற்பிக்கலாம். நோயாளியின் அருகில் நிற்பதா, விலகுவதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். சூசாக்கு நின்றார். நாமும் நிற்போமாக!