சரளா தேவி: சட்டத்தை மீற மட்டுமல்ல, இயற்றவும் உரிமை கேட்ட பத்திரிகை ஆசிரியர்

புது தில்லி: பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானம், 1918 டிசம்பரில் தில்லியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. மதன் மோகன் மாளவியா தலைமை வகித்த அம்மாநாட்டில் அத்தீர்மானத்தைக் கொண்டு வந்தவர், லாகூரில் வாழ்ந்த வங்கப் பெண்மணியான சரளா தேவி சௌதுராணி. அப்போது அவருக்கு வயது 46. பத்திரிகை ஆசிரியராக அவர் முதன்முதலில் பொறுப்பேற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது.

ரவீந்திரநாத் தாகூரின் சகோதரி மகள் என்றும், ஒரு காலத்தில் காந்தியடிகளின் மிக நெருங்கிய தோழி என்றும் சொல்லி சரளா தேவியை முடித்துவிடுவது வரலாற்று நூல்களின் வழக்கம். இரண்டும் உண்மையே. ஆனால் அவருடைய செல்வாக்கு இரவல் ஒளியால் வந்ததன்று. கல்கத்தாவிலும் லாகூரிலும் அவர் நடத்திய பத்திரிகைகளால் வந்தது.

1872 செப்டம்பர் 9-ஆம் தேதி பிறந்தவர் அவர். தந்தை ஜானகிநாத் கோஷால் காங்கிரஸின் தொடக்க கால ஊழியர். தாய் ஸ்வர்ணகுமாரி தேவி, வங்கத்தின் முன்னோடிப் பெண் நாவலாசிரியர். தாகூர் குடும்பம் 1877-இல் தொடங்கிய 'பாரதி' மாத இதழின் ஆசிரியராக 1884 முதல் பணியாற்றியவர். அச்சுப் பிழை திருத்தும் தாள்கள் புழங்கும் வீட்டில் வளர்ந்த சரளா, பெதூன் கல்லூரியில் பயின்று 1890-இல் ஆங்கில இலக்கியத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். பத்மாவதி தங்கப் பதக்கமும் கிடைத்தது. அறிவியலிலும் நாட்டம் இருந்தது. மகேந்திரலால் சர்க்காரின் அறிவியல் சங்கத்தில் நடந்த மாலை வகுப்புகளில், ஆண் மாணவர் கூட்டத்தினிடையே, இரு புறமும் சகோதரர்கள் துணைக்கு அமர, நடுவில் உட்கார்ந்து பௌதிகம் கேட்டவர் அவர்.

பிறர் கையை எதிர்பாராமல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ வேண்டும் என்ற பிடிவாதம் அவரை மைசூருக்குக் கொண்டு சென்றது. அங்கு மகாராணி பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார். ஓரிரவு அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் ஒருவன் புகுந்த செய்தி கல்கத்தாவை எட்டியது. வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வேலை எதற்கு என்று அங்குள்ள பத்திரிகை ஒன்று கண்டித்தது. புகுந்தவனை விட்டுவிட்டு வேலைக்குப் போனவளைக் குற்றம் சாட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஓராண்டுக்குள் ஊர் திரும்பிய சரளா, தென்னாட்டில் கேட்ட மெட்டுகளை மாமன் ரவீந்திரநாத்திடம் பாடிக் காட்டினார். அவற்றில் சில தாகூரின் பாடல்களாக உருமாறின.

'பாரதி' இதழை 1895 முதல் 1897 வரை மூத்த சகோதரி ஹிரண்மயியுடன் சேர்ந்தும், 1899 முதல் 1907 வரை தனித்தும் சரளா நடத்தினார். அவர் கைக்கு வந்த பின் இலக்கிய இதழ் அரசியல் இதழாகவும் மாறியது. ரயில் பெட்டிகளிலும் தெருக்களிலும் வெள்ளையர்கள் இந்தியர்களை அடிப்பதும், அடி வாங்கியவர் வாய் மூடிப் போவதும் அன்றாடக் காட்சியாக இருந்த காலம் அது. திருப்பி அடித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புமாறு 'பாரதி' வாசகர்களை அழைத்தது. சீமைக் குத்துக்கு நாட்டு அடி என்று பொருள்படும் தலைப்பில் அவை வெளியாயின. புலம்பலை அச்சிடும் இதழ்கள் பல இருந்தன. எதிர்த்து நின்ற செய்தியைக் கேட்டு வாங்கி அச்சிட்டது சரளாவின் துணிச்சல். படித்துவிட்டு அவர் வீடு தேடி வந்த இளைஞர்கள் பலர்.

பத்திரிகையாளருக்கு உரிய மூக்கும் அவருக்கு இருந்தது. 1907-இல் 'படதீதி' என்ற கதை 'பாரதி'யில் தொடராக வந்தபோது முதல் பகுதிகளில் ஆசிரியர் பெயர் இல்லை. தாகூர்தான் எழுதுகிறார் என்று வாசகர்கள் நினைத்தனர். எழுதியவர் பர்மாவில் எழுத்தராக வேலை பார்த்துக் கொண்டிருந்த சரத் சந்திர சட்டோபாத்யாய என்பது பிறகே தெரிந்தது.

வீடு தேடி வந்த இளைஞர்களுக்கு வாளும் சிலம்பமும் கற்பிக்கத் தன் இல்லத்திலேயே பயிற்சிக்கூடம் அமைத்தார் சரளா. பயிற்சியாளர் முர்தாஸா என்ற இஸ்லாமியர். ஆனால் 1903-இல் சரளா தொடங்கிய பிரதாபாதித்தர் விழாவும், துர்கா பூஜையின் அஷ்டமி நாளில் நடத்திய வீராஷ்டமி விழாவும் இந்து அடையாளம் கொண்டவை. வங்க முஸ்லிம்களை அவை அருகில் அழைக்கவில்லை என்பதை மறுக்க இயலாது. சொந்தச் சிற்றப்பனைக் கொன்ற பிரதாபாதித்தரை வீர நாயகனாக்குவதை ரவீந்திரநாத்தும் ஏற்கவில்லை. மருமகள் பின்வாங்கவில்லை.

1905 காசி காங்கிரஸில் வந்தே மாதரம் பாடியபோது, வங்கத்தின் மக்கள்தொகையைக் குறித்த ஏழு கோடி என்ற சொல்லை முப்பது கோடி என்று மாற்றிப் பாடி, ஒரு மாகாணத்தின் பாடலை நாட்டின் பாடலாக்கியவர் அவர். சுதேசி இயக்கம் வெடிப்பதற்கு முன்பே 'லட்சுமீர் பண்டார்' என்ற சுதேசிக் கடையையும் கல்கத்தாவில் திறந்திருந்தார்.

அதே 1905-இல், 33-ஆம் வயதில், பஞ்சாப் வழக்கறிஞரும் ஆர்ய சமாஜத் தலைவருமான ராம்பஜ் தத் சௌதுரியை மணந்து லாகூரில் குடியேறினார். கணவர் நடத்திய 'ஹிந்துஸ்தான்' என்ற உருது வார இதழ் அரசின் கண்ணை உறுத்தியது. ராம்பஜ் பெயர் இதழில் நீடித்தால் அவரது வழக்கறிஞர் உரிமம் பறிபோகும் என்ற நெருக்கடி எழுந்தது. சரளா தன் பெயரைப் போட்டு ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலப் பதிப்பையும் தொடங்கினார்.

1910-இல் அலாகாபாதில் அவர் நிறுவிய 'பாரத் ஸ்திரீ மகாமண்டல்', நாடு தழுவிய முதல் பெண்கள் அமைப்புகளுள் ஒன்று. வீட்டை விட்டு வெளியே வர இயலாத பெண்களுக்கு வீட்டுக்கே ஆசிரியைகளை அனுப்பிக் கல்வி தருவது அதன் முக்கியப் பணி. லாகூர், அமிருதசரஸ், தில்லி, கராச்சி, கான்பூர் எனக் கிளைகள் பரவின. மனுவின் நிழலில் வாழும் ஆண்களிடம் பெண்கள் அமைப்பின் தலைமையை ஒப்படைக்க அவர் மறுத்துவிட்டார்.

1919-இல் ரௌலட் சட்ட எதிர்ப்பும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் பஞ்சாபைப் புரட்டிப் போட்டன. ராணுவச் சட்டத்தின் கீழ் ராம்பஜ் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார். 'ஹிந்துஸ்தான்' முடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் லாகூர் வந்த காந்தியடிகள் தங்கியது சரளாவின் வீட்டில்தான். டிசம்பரில் பொது மன்னிப்பில் ராம்பஜ் விடுதலையானார்.

1920-இல் முரட்டுக் கதர்ப் புடவை உடுத்தி மேடையேறினார் சரளா. செல்வக் குடும்பப் பெண்ணின் அச்செயலைக் காந்தி பெருமையுடன் எடுத்துரைத்தார். நட்பு ஆழமானது. சரளாவைத் தன் ஆன்மிக மனைவி என நண்பர் காலன்பாக்குக்கு எழுதும் அளவுக்கு அது சென்றது. இந்த உறவைத் துண்டிக்குமாறு கண்டிப்புடன் காந்திக்கு எழுதியவர்களில் ராஜாஜியும் ஒருவர். அவ்வாண்டு இறுதிக்குள் இடைவெளி விழுந்தது. சரளாவின் மகன் தீபக், காந்தி குடும்பத்தைச் சேர்ந்த மகன்லாலின் மகள் ராதாவைப் பின்னாளில் மணந்தார்.

ராம்பஜ் 1923-இல் மறைந்தார். கல்கத்தா திரும்பிய சரளா, 1924 முதல் 1926 வரை மீண்டும் 'பாரதி'யின் ஆசிரியரானார். 1930-இல் பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

அவருடைய அரசியல் வாழ்வின் கூர்மையான கேள்வி எழுந்தது 1931-இல். உப்புச் சத்தியாகிரகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சிறை சென்று மீண்டிருந்த நேரம். அவ்வாண்டு மே மாதம் கல்கத்தாவில் கூடிய வங்கப் பெண்கள் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த சரளா, சட்டத்தை மீறும் பணிக்கு மட்டும் காங்கிரஸ் பெண்களை அழைக்கிறது, சட்டம் இயற்றும் இடத்துக்கு அழைப்பதில்லை என்று குற்றம் சாட்டினார். பெண்களுக்கெனத் தனிக் காங்கிரஸ் தேவை என்றார். சொந்தக் கட்சியை நோக்கி எழுந்த அக்குரல் கட்சிக்குள் வரவேற்கப்படவில்லை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2023 செப்டம்பரில். இடையில் ஓடியவை 92 ஆண்டுகள்.

1935-க்குப் பின் பொது வாழ்விலிருந்து ஒதுங்கி ஆன்மிகத்தில் ஈடுபட்டார் சரளா. 1945 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். 'ஜீபனேர் ஜராபாதா' என்ற அவருடைய தன்வரலாறு 'தேஷ்' இதழில் தொடராக வந்தது. அது பெரும்பாலும் திருமணத்துக்கு முந்தைய வாழ்வையே சொல்கிறது. லாகூர் ஆண்டுகளைப் பற்றி அறிய ஆய்வாளர்கள் காந்தி அவருக்கு எழுதிய கடிதங்களை நாட வேண்டியிருக்கிறது. அவர் காந்திக்கு எழுதியவற்றில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை.